பால் கொடுத்த மரம் கட்டிலும் கொடுக்கும்

ரப்பர் மரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எந்த நேரத்தில் பால் நன்றாக இறங்கும், எந்தப் பட்டையில் உளி எவ்வளவு ஆழம் போகலாம், எந்த மேகத்தைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதெல்லாம் நம் தோட்டத்துத் தாய்மார்களுக்குக் கைப்பாடம். ஆனால் ஒரு கேள்வி. பால் வற்றி, மரம் கிழடாகி, மறுநடவுக்காகச் சாய்க்கப்பட்ட பிறகு அந்த மரம் எங்கே போகிறது? லாரியில் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறோம். அதற்கு அப்பால் நம்மில் பலர் யோசித்ததில்லை.

அது கட்டிலாகிறது, மேசையாகிறது, நாற்காலியாகிறது. கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகிறது. அந்த மரத்தைப் பாட்டன் காலம் முதல் தொட்டு வளர்த்த நம் வீடுகளிலோ மரத்தூளை அழுத்திச் செய்த அட்டைக் கட்டில் ஒன்று ஈரத்தில் உப்பிப்போய்க் கிடக்கிறது. அதற்குத் தவணைப் பணம் வேறு கட்டிக்கொண்டிருக்கிறோம்!

நம் வீட்டுக் கட்டிலை நாமே செய்துகொள்ள முடியுமா? முடியும் என்பதற்கு எங்கள் தோட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறார். அவரைப் பற்றியும் அவர் வேலை செய்யும் முறையைப் பற்றியும் சொல்லவே இந்தக் கட்டுரை.

அடுப்புக்குப் போன மரம்

முதலில் மரத்தின் கதையைச் சற்றுப் பார்ப்போம். 1876-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகள் லண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதைதான். காடழித்து ரப்பர் நட்டார்கள். பால் வெட்ட நம் முன்னோர்களைக் கப்பலேற்றினார்கள்.

ஒரு மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் வரை நல்ல பால் கொடுக்கும். அதன் பிறகு வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடுவார்கள். வெட்டிய மரத்துக்கு அந்தக் காலத்தில் மதிப்பே கிடையாது. புகைக்கூண்டில் ரப்பர்த் தகடு காய வைக்கவும், செங்கல் சூளைக்கும், நம் வீட்டு அடுப்புக்கும் விறகானது. 1967-இல் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை, ரப்பர் மரக் கரியைக் கொண்டுதான் இரும்பை உருக்கியது என்றால் பாருங்கள்!

ஏன் அதைப் பலகையாக்கவில்லை? மரத்தில் வலுவில்லை என்பதால் அல்ல. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம்.  வெட்டிப்போட்ட சில நாட்களிலேயே நீலமாகப் பூஞ்சணம் பூக்கும். பிறகு துளைவண்டு வந்துவிடும். குண்டூசித் தலையளவு ஓட்டைகள் போட்டு, கோதுமை மாவு போல் தூளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஓராண்டில் பலகை சல்லடையாகிவிடும்.

இதற்கு மருந்து கண்ட பிறகுதான் மரத்துக்கு மரியாதை வந்தது. வெட்டிய மரத்தைத் தாமதமின்றி அறுத்துப் பலகையாக்கி, இரும்பு உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த நீரை அழுத்தத்தோடு மரத்துக்குள் ஏற்றுகிறார்கள். பிறகு சூட்டறையில் வைத்து நிதானமாக உலர்த்துகிறார்கள். கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் நடந்த ஆராய்ச்சிகள் இதற்குத் துணை நின்றன. 1980-களில் ரப்பர் மரத் தளவாடத் தொழில் வேகமாக வளர்ந்தது. இன்று ஜொகூரின் மூவார் வட்டாரம் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. நாம் விறகென்று நினைத்ததை வெளிநாட்டுக்காரர் ‘மலேசிய ஓக்’ என்று பெயரிட்டு வாங்கினார்கள்!

தவணைக் கட்டில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். தோட்டத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் சீரில் கட்டிலும் அலமாரியும் இருந்தாக வேண்டும். கையில் ரொக்கம் இராது. கடைக்காரர், ‘பணம் மெதுவாகக் கொடுங்கள், பரவாயில்லை’ என்பார். மாதம் 60 வெள்ளி பெரிதாகத் தெரியாது. 24 மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 1,440 வெள்ளி. என் வகுப்பில் நான்காம் ஆண்டுப் பிள்ளை போடும் கணக்குதான். கையெழுத்துப் போடும் அவசரத்தில் நாம்தான் போட மறந்துவிடுகிறோம். தவணையில் எதை வாங்கினாலும் ரொக்க விலை எவ்வளவு, தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் அவசரத்தின் விலை.

அப்படி வாங்கிய கட்டிலாவது நிலைக்கிறதா? மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானது மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்திய பலகை. மேலே மரம் போல் படம் ஒட்டியிருப்பார்கள். பார்வைக்கு லட்சணமாக இருக்கும். லயத்துச் சிமெண்டுத் தரையை வாரத்துக்கு இரண்டு முறை கழுவுகிறோம். கால் வழியே தண்ணீர் ஏறினால் அந்தப் பலகை உப்பும். உப்பினால் திரும்ப அமராது. வீடு மாற்றுவதற்காகத் திருகாணியைக் கழற்றி மறுபடி பூட்டினால் தூள்தான் உதிரும். ஆணி பிடிக்காது.

வீடு மாறுவது நமக்கு வராத காரியமா? தோட்டம் கைமாறுகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வருகிறது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்களும் இருக்கிறார்கள். பட்டணத்தில் அடுக்குமாடி வீடு ஒன்று கிடைத்து, லாரியை அமர்த்திச் சாமான்களை ஏற்றும் நாளில், முப்பது ஆண்டு உழைத்த குடும்பம் எடுத்துப்போக என்ன இருக்கிறது? பாதிச் சாமான் லாரியில் ஏறுவதற்கு முன்பே உடைந்துபோவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். தவணை மட்டும் உடையாமல் கூடவே வரும்!

உளி பிடித்த கை

நான் சொன்ன பெரியவர் 38 ஆண்டுகள் பால் மரம் சீவியவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். இளமையில் தோட்டத்து வீடுகளைப் பழுதுபார்க்க வந்த சீனத் தச்சர் ஒருவருக்கு, பால் வேலை முடிந்த மாலை நேரங்களில் கையாளாக இருந்திருக்கிறார். பலகை தூக்கினார், ஆணி எடுத்துக் கொடுத்தார், பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். தச்சர் போகும்போது தம் பழைய இழைப்புளி ஒன்றை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். குறுக்கே கைப்பிடிக் கட்டை வைத்த, முன்னால் தள்ளி இழைக்கும் சீன இழைப்புளி. அது இன்றும் அவரிடம் இருக்கிறது.

அவருடைய பட்டறை லயத்து வீட்டின் பின்புறம் இறக்கிய தகரச் சாய்ப்பு. பத்தடிக்கு எட்டடி இருக்கும். நடுவில் கனமான பழைய உத்திரங்களால் ஆன வேலை மேசை. சுவரில் இரண்டு ரம்பம், நான்கு உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம், தீட்டுக்கல். மின்சாரத்தில் ஓடுவது துளையிடும் கருவி ஒன்றுதான்.

“பெரியப்பா, படித்துப் பழகாமல் இந்த வேலை எல்லாருக்கும் வருமா?” என்று கேட்டேன்.

“என்ன வாத்தியாரே இப்படிக் கேக்குறீங்க!” என்று சிரித்தார். “பால்மரம் சீவுறவனுக்கு வராம வேற யாருக்கு வரும்? தெனமும் விடியக்காலையில கத்தியத் தீட்டுறோம். பட்டையக் காகிதம் மாதிரி சீவுறோம். கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மண்டோருகிட்ட ஏச்சு. கைய அடக்கத் தெரிஞ்சவனுக்கு இழைப்புளி ஒரு பெரிய காரியமா?”

அவர் சொன்னது முற்றும் உண்மை. நன்றாகச் சீவுபவர் ஒரு வெட்டுக்கு எடுக்கும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். மரத்தின் உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தியை நிறுத்த வேண்டும். அதையும் தலைவிளக்கு வெளிச்சத்தில், நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் செய்கிறோம். இதை ‘படிக்காதவன் வேலை’ என்று நாமே சொல்லிப் பழகிவிட்டோம். தச்சு வேலைக்குத் தேவையான மூன்று குணங்கள் கூர்மையான ஆயுதம், அடக்கமான கை, பொறுமை. அந்த மூன்றும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அளவும் கணக்கும்தான் புதிதாகப் பழக வேண்டியவை.

எந்த மரம்? எங்கே வாங்குவது?

தோட்டத்தில் சாய்த்துக் கிடக்கும் மரத்தை எடுத்து வந்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். அந்த மரம் நிர்வாகத்தின் சொத்து, கேளாமல் தொடக்கூடாது. கேட்டு வாங்கினாலும் பச்சை மரம் கட்டிலுக்கு ஆகாது. பெரியவர் முதன்முதலில் அப்படி ஒரு முக்காலி செய்தார். ஆறு மாதத்தில் அதன் அடியில் மாவு கொட்டத் தொடங்கியது. ஓராண்டில் அடுப்புக்குப் போய்விட்டது.

மருந்தேற்றிச் சூட்டறையில் உலர்த்திய ரப்பர் பலகை என்று கேட்டு வாங்குங்கள். மரக்கடைகளிலும், தளவாடத் தொழிற்சாலைகள் உள்ள ஊர்களிலும் கிடைக்கும். சிறு துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்து ஒட்டிய பலகையும் உண்டு. அதுவும் நல்லதே. நல்ல பலகை வெளிர் மஞ்சளாக, சற்று இளஞ்சிவப்புப் படர்ந்து இருக்கும். நீலக் கறையும் ஊசி ஓட்டையும் இருந்தால் தள்ளிவிடுங்கள். பலகையை ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் பாருங்கள். முறுக்கோ வளைவோ இருந்தால் தெரிந்துவிடும். ‘இரண்டு அங்குலம்’ என்று கடையில் சொல்வது இழைத்த பிறகு இரண்டு அங்குலமாக இராது. ஆகவே அளவுகோலைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஏற்றிய மருந்து தண்ணீரில் கரையக்கூடியது. ஆதலால் இந்த மரத்தை வாசலிலோ மழைபடும் இடத்திலோ போடக்கூடாது. வீட்டுக்குள் தலைமுறைக்கு நிற்கும்.

பழைய மரவீடுகள் இடிக்கப்படும் இடங்களில் செங்கால், பாலாவ், மெராந்தி போன்ற உத்திரங்கள் கிடைப்பதுண்டு. அவை கிடைத்தால் பாக்கியம்தான். ஆனால் ஆணிகள் அனைத்தையும் பிடுங்கிவிட்ட பிறகே ரம்பத்தை வையுங்கள். சரக்கு இறக்கும் மரத்தட்டுப் பலகையைப் பயன்படுத்துபவர்கள் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, பயமில்லை. ‘எம்.பி.’ என்றிருந்தால் நச்சுப்புகை போட்டது. படுக்கும் கட்டிலுக்கு அது வேண்டாம்.

ஒற்றைக் கட்டிலின் கணக்கு

நம் நாட்டில் ஒற்றை மெத்தையின் அளவு 36 அங்குல அகலம், 75 அங்குல நீளம். நான்கு பக்கமும் விரிப்பைச் செருகச் சற்று இடம் விட்டு, கட்டிலின் உள்ளளவை 37-க்கு 76 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வேண்டிய துண்டுகள் இவை:

தலைமாட்டுக் கால் – 3க்கு 3 அங்குலக் கனம், 36 அங்குல உயரம் – 2
கால்மாட்டுக் கால் – 3க்கு 3 அங்குலக் கனம், 16 அங்குல உயரம் – 2
நீளச் சட்டம் – 1½ அங்குலக் கனம், 5 அங்குல அகலம், 76 அங்குல நீளம் – 2
குறுக்குச் சட்டம் – 1½ அங்குலக் கனம், 5 அங்குல அகலம், 41 அங்குல நீளம் – 2
தலைமாட்டு மேல்சட்டங்கள் – 1½ அங்குலக் கனம், 4 அங்குல அகலம், 41 அங்குல நீளம் – 2
தாங்குகட்டை – 1 அங்குல உயரம், 1½ அங்குல அகலம், 76 அங்குல நீளம் – 2
குறுக்குப் பட்டை – ¾ அங்குலக் கனம், 3 அங்குல அகலம், 36¾ அங்குல நீளம் – 14

மூன்று அங்குலக் கட்டை கிடைக்காவிட்டால் ஒன்றரை அங்குலப் பலகை இரண்டை ஒட்டிக் காலாக்கிக் கொள்ளலாம். இவற்றோடு ⅜ அங்குலக் கனமும் 6 அங்குல நீளமும் உள்ள போல்ட்டு எட்டு, அவற்றுக்கு நட்டும் வாஷரும், 2½ அங்குலத் திருகாணி இரண்டு டஜன், வெள்ளை மரப்பசை ஒரு புட்டி.

குறுக்குச் சட்டம் ஏன் 41 அங்குலம் என்று கேட்பீர்கள். இரு கால்களுக்கும் இடையே தெரிவது 37 அங்குலம். மிச்சம் பக்கத்துக்கு 2 அங்குலம், காலுக்குள் நுழையும் நாக்கு. ஆணியை மட்டும் நம்பிய கட்டில் ஆடும். நாக்கும் துளையும் கோத்த கட்டில் ஆடாது.

வேலை முறை

முதலில் துளை, பிறகு நாக்கு. இந்த வரிசையை மாற்றக்கூடாது. துளையைப் பெரிதாக்குவது கடினம். நாக்கைச் சீவி ஒல்லியாக்குவது எளிது.

சட்டத்தின் உள்பக்க முகமும் காலின் உள்பக்க முகமும் ஒரே மட்டத்தில் வரவேண்டும். அப்போதுதான் மெத்தை மூலையில் இடிக்காது. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றிலொரு பங்கு. அதாவது ஒன்றரை அங்குலச் சட்டத்தின் நடுவே அரை அங்குல நாக்கு. ஆகவே காலின் உள்விளிம்பிலிருந்து அரை அங்குலம் தள்ளி, அரை அங்குல அகலத்தில் 2 அங்குல ஆழத்துக்குத் துளை போடவேண்டும். 5 அங்குலச் சட்டத்துக்குத் துளையின் உயரம் 4 அங்குலம்; 4 அங்குலச் சட்டத்துக்கு 3 அங்குலம். மேலும் கீழும் அரையரை அங்குலம் விடுவது, துளையின் ஓரம் வெளியே தெரியாமல் மறைப்பதற்காக.

கீழ்ச்சட்டத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 9 அங்குலம், மேல்விளிம்பு 14 அங்குலம். தலைமாட்டில் மேல்சட்டம் ஒன்றைக் காலின் உச்சியிலிருந்து 1 அங்குலம் கீழே வையுங்கள். அதற்குக் கீழே 4 அங்குலம் இடைவெளி விட்டு மற்றொன்று.

மின்கருவியால் வரிசையாக ஓட்டை போட்டுவிட்டு, உளியால் ஓரங்களை நேராக்கினால் துளை தயார். நாக்கை ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே அறுத்து, உளியால் சீவிச் சீவிப் பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினால் நுழைய வேண்டும், தானாக விழக்கூடாது. அதுதான் பக்குவம். பசை போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை கோத்துப் பார்த்துவிடுங்கள். பதறாத காரியம் சிதறாது.

பிறகு பசை. இறுக்குகருவி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கயிற்றை இரு கால்களையும் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்கினால் போதும். மரத்தில் கயிறு தழும்பு விழாமல் அட்டையை மடித்து வையுங்கள். ஓரிரவு அப்படியே விடுங்கள்.

தலைமாடும் கால்மாடும் காய்ந்த பிறகு நீளச் சட்டம். இதைப் பசை போட்டு ஒட்டக்கூடாது. ஒவ்வொரு மூலையிலும் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்தும் அடிவிளிம்பிலிருந்தும் 1 அங்குலம் விட்டு, கால் வழியாகச் சட்டத்தின் முனைக்குள் போகுமாறு இரண்டு ஓட்டைகள். ஓட்டை, காலுக்குள் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நாக்கையும் ஊடுருவிப் போகும். அதனால் நாக்குக்கும் அது ஒரு பூட்டாகிவிடும். சட்டத்தின் உள்முகத்தில், முனையிலிருந்து 2 அங்குலம் தள்ளி, நட்டு உட்காரக் குழி தோண்டுங்கள். போல்ட்டை வெளியிலிருந்து விட்டு உள்ளே நட்டை முடுக்கினால் கட்டில் கல்லாக நிற்கும்.

இப்போது மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாயிருந்தால் கட்டில் சதுரம் பிசகவில்லை. நம் அளவுக்கு அது ஏறக்குறைய 84½ அங்குலம் வரவேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் ஏன் 84½ என்று அவனிடமே கேளுங்கள். பைதாகோரஸ் தேற்றம் புத்தகத்திலிருந்து எழுந்து வந்து கட்டிலில் உட்காரும்!

தாங்குகட்டையை நீளச் சட்டத்தின் உள்முகத்தில், மேல்விளிம்பிலிருந்து 2¼ அங்குலம் கீழே பசையும் திருகாணியும் போட்டுப் பொருத்துங்கள். 8 அங்குலத்துக்கு ஒரு திருகாணி. ரப்பர் மரம் முனையில் பிளக்கக்கூடியது. சிறு ஓட்டை போட்டுவிட்டே திருகாணியை முடுக்குங்கள். அதன்மேல் 14 பட்டைகளையும் இரண்டரை அங்குல இடைவெளியில் அடுக்கினால் இரு முனையிலும் முக்கால் அங்குலம் மிஞ்சும். கணக்கு சரியாக வரும், போட்டுப் பாருங்கள். இடைவெளி இதைவிடக் கூடினால் மெத்தை பள்ளம் விழும்.

6 அங்குல மெத்தை போட்டால் உட்காரும் உயரம் 18½ அங்குலம் ஆகும். முழங்கால் வலியுள்ள பாட்டிமார் கால் தரையில் படிய உட்கார்ந்து, கைகொடுக்க ஆளில்லாமலேயே எழுந்துகொள்ளலாம். கட்டிலுக்கு அடியில் துடைப்பமும் போகும், துணிப்பெட்டியும் போகும்.

கடைசியாக மெருகு. உப்புத்தாளில் 120, 180, 240 என்று படிப்படியாக, மரத்தின் ரேகையோடு தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும். ஈரத்துணியால் துடைத்து, எழுந்து நிற்கும் நார்களை மறுபடி தேய்த்துவிட்டு, வார்னிஷை மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள். கால்களின் அடிப்பாகத்தை மறக்காதீர்கள். நம் வீட்டுத் தரைத் தண்ணீர் அங்கேதான் ஏறும். வாடை போகும்வரை சில நாள் காற்றாட விட்டுப் பிறகு படுங்கள்.

தாய்மார் கவனத்துக்கு

மரத்தூள் மூக்குக்கும் நுரையீரலுக்கும் கேடு. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். துளையிடும்போது கண்ணாடி அணியுங்கள். கூடத்தில் தேய்க்க வேண்டாம், வெளியே கொண்டுபோங்கள்.

ஒற்றைக் கட்டில் செய்யப் பழகியதும் அண்டை வீட்டார் குழந்தைக் கட்டில் கேட்பார்கள். அதன் கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கவே கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மாடிக் கட்டில் கேட்டால் மேல்தட்டுக்கு நாற்புறமும் தடுப்பு வையுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையை மேலே படுக்க வைக்க வேண்டாம். பெரிய இரட்டைக் கட்டிலுக்கு நடுவே நீளவாட்டில் ஒரு தாங்கும் அதற்கு ஒரு காலும் கட்டாயம் வேண்டும்.

எட்டு போல்ட்டு

பெரியவர் தம் கடைசி மகளின் கல்யாணத்துக்குக் கட்டில் செய்து கொடுத்தார். சம்பந்தி வீட்டில் யாரோ, “கடையில வாங்குனது இல்லையா?” என்று கேட்டுவிட்டார்களாம். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணமான மூன்றாம் வருடம் மாப்பிள்ளைக்குக் கிள்ளானில் வேலை மாறியது. நான்காம் மாடியில் வீடு. படிக்கட்டு குறுகலானது. கடையில் வாங்கிய அலமாரி இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே பின்பலகை கழன்று போயிற்று. கட்டிலுக்கு வந்தபோது மாப்பிள்ளை ஒரு ஸ்பேனரை எடுத்து எட்டு போல்ட்டையும் கழற்றினார். துண்டு துண்டாக மேலே போனது. கால் மணி நேரத்தில் மறுபடி கட்டிலாகி நின்றது. அன்று மாலை சம்பந்தி அம்மாளே தொலைபேசியில் கூப்பிட்டு, “அண்ணே, சின்னவனுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க” என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தில் இருந்த பெருமையை எந்தச் சம்பள நாளிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் மூன்று இளைஞர்கள் அவருடைய சாய்ப்புக்கு வருகிறார்கள். ஒருவன் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன். ‘உருப்படாதவன்’ என்று தோட்டமே பெயர் வைத்திருந்தது. சென்ற மாதம் அவன் போட்ட துளையைப் பெரியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தலையாட்டினார். அவரிடம் அதுதான் பெரிய பாராட்டு. அவனைத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்த்து, மலேசியத் திறன் சான்றிதழுக்குப் படிக்க வைக்க அவன் தாயாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கைத்திறமையோடு ஒரு காகிதமும் இருந்தால் பட்டணத்தில் அவனுக்கு மரியாதை கிடைக்கும்.

எல்லாரும் தச்சராக வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. முதலில் ஒரு முக்காலி செய்யுங்கள். பிறகு பிள்ளை எழுதுவதற்கு ஒரு சாய்மேசை. அதன் பிறகு கட்டில். அப்பா சட்டத்தைப் பிடிக்க, அம்மா அளவு சொல்ல, பிள்ளை கணக்குப் போட, ஒரு குடும்பம் கூடி இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. தரையில் பாயிலும் தூங்கலாம், அதில் குறைவொன்றுமில்லை. ஆனால் கட்டில் வேண்டுமென்று முடிவு செய்தால், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு கணம் உங்கள் கையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கையில் உளி பிடித்த காய்ப்பு இருக்கிறதல்லவா? அது மூன்று தலைமுறை சேர்த்து வைத்த முதல். அதை வைத்து உங்கள் வீட்டுக்கென்று ஒரு பொருளைச் செய்துகொள்ளுங்கள்.